கிரைண்டருக்காகப் போட்ட ரெட்டை பிரேக்கர்

அல்கோபாரில் ஏதாவது பழைய கட்டடத்தில் கரெண்ட் பேனல் கதவைத் திறக்கிறீர்கள், உள்ளே கம்பியெல்லாம் வகிடெடுத்து வாரிய தலை மாதிரி இருக்கிறது என்றால், அநேகமாக அது என் வேலையாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். சவூதிக்கு வந்த புதிதில் சைட்டில் பைப் சுமந்தேன். இன்றைக்கு டிகிரி படித்த இன்ஜினியர்கள் என்னை ‘உஸ்தாத்’ என்று கூப்பிட்டு, பிரேக்கர் ஏன் தானாக அணைந்து விழுகிறது என்று கேட்கிறார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு பேனலில் தப்புச் செய்தேன். அது நான் குடியிருந்த வீட்டுப் பேனல்.

என் மனைவி விசிட் விசாவில் வந்திருந்த சமயம். கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருடம். அதில் நாங்கள் ஒரே கூரைக்கு அடியில் இருந்தது, லீவுகளையெல்லாம் கூட்டினால், நான்கு வருடம் தேறாது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இனிமேலாவது என்னோடு வந்து இரு என்று நான்தான் பிடிவாதம் பிடித்து வரவழைத்தேன். விசா ஒரு வருடத்துக்கு உண்டு. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாட்டை விட்டு வெளியே போய் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் பஸ்ஸில் பாலம் தாண்டி பஹ்ரைனுக்குப் போய், அன்றைக்கே திரும்பி விடுவார்கள்.

அவளோ ஏர்போர்ட்டில் இறங்கும்போதே சொல்லிவிட்டாள். “ரிட்டர்ன் டிக்கெட் கையில இருக்கு. மூணு மாசம் பாப்பேன். புடிச்சா பாலம், புடிக்கலேன்னா ப்ளைட்டு.”

அவள் கூடவே அட்டைப்பெட்டியில் ஒரு டேபிள் டாப் கிரைண்டரும் வந்திறங்கியது. கல் வைத்த கிரைண்டர். லக்கேஜில் பாதி எடை அதுதான். நம் ஊர் கிரைண்டருக்கு 220 வோல்ட் வேண்டும். நான் இருந்த பழைய கட்டடத்தில் ஏசிக்கு மட்டும்தான் 220. மற்ற பிளக்கெல்லாம் 127. கிரைண்டரைச் செருகினால் கல் முனகியது, சுற்றவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

என்னோடு வேலை செய்யும் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். வாய்க்குப் பூட்டே கிடையாது. சாப்பாட்டுக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் கரெண்டு குடுக்கிய. வீட்டுக்காரிக்கு மாவாட்ட ஒரு பிளக்கு குடுக்க முடியலியோ?”

“அடுத்த வாரம் இட்லி திங்க வா. அப்ப பேசு” என்றேன்.

220 பிளக்குக்கு டபுள் போல் பிரேக்கர் போட வேண்டும். அதற்குப் பேனலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்லாட் வேண்டும். என்னிடம் காலியாக இருந்தது ஒன்று. வீட்டுக்கார அரபியிடம் பெரிய பேனல் கேட்டேன். “மாஃபி, மாஃபி”, கிடையாது என்று போனை வைத்துவிட்டார். சரி, நமக்குத் தெரியாத வழியா? கடையில் டேண்டம் பிரேக்கர் கிடைக்கும். நாங்கள் ரெட்டை என்போம். ஒரு பிரேக்கர் இருக்கும் இடத்தில் ஒல்லியாக இரண்டு பிரேக்கர் ஒட்டி உட்கார்ந்திருக்கும். எல்லா ஸ்லாட்டிலும் அது போகாது. எதில் போகும் என்று பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் படம் போட்டிருக்கும். சில பேர் போகாத இடத்தில் அரத்தால் ராவிச் செருகுவார்கள். நான் அந்த ஜாதி இல்லை. எழுத்துக் கூட்டியாவது சீட்டைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

சமையலறை பிளக்குக்கு ஒரு பிரேக்கர், ஹால் பிளக்குக்கு ஒரு பிரேக்கர் என்று தனித்தனியாக இருந்தன. இரண்டையும் கழற்றி, ஒரே ரெட்டையில் உட்கார வைத்தேன். காலியாக இருந்ததற்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்லாட் மிச்சமானது. கிரைண்டருக்கு இடம் கிடைத்தது. ஒரு மணி நேர வேலை. சுவிட்சைத் தட்டினேன், கல் சுழன்றது. அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பைப் பார்த்து, பாலம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஃபோர்மேனும் வந்து பதினோரு இட்லி சாப்பிட்டார். மேல் மாடிக்காரர்கள் மாவு கேட்டு வர ஆரம்பித்தார்கள். அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது.

இரண்டு வாரம் போயிருக்கும்.

“ஏங்க, காலையில அந்தக் கரெண்டுப் பொட்டிகிட்ட ஒரு வாடை வருதுங்க. புளியக் கருக்குன மாதிரி.”

“புளிதான் கருகியிருக்கும்.”

“நான் புளியே கரைக்கலைங்க.”

சைட் தூசியில் என் மூக்கு செத்துப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை லீவில் பேனல் கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றுமில்லை என்றேன். அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். மறுபடி வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். எவனும் என் வேலையில குத்தம் சொன்னதில்ல. நீ வந்து ஒரு மாசத்துல கண்டுபுடிச்சிட்டியாக்கும்?”

மூன்றாம் நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள். “டிக்கெட்டு தேதி மாறாம பாத்துக்கங்க. நான் போறேன்.”

“வாடைக்குப் பயந்தா?”

“வாடைக்கு என்ன பயம். நாள் பூரா இந்த வீட்டுல இருக்குறவ நான். நான் சொல்றத நம்ப மாட்டேங்கிற ஆளோட எப்புடி இருக்குறது? போன்லயே குடும்பம் நடத்திக்கலாம். இத்தன வருசம் நடத்தல?”

பாதிச் சோற்றிலேயே எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “சரி, எப்ப வருது, எப்புடி வருதுன்னு சொல்லு” என்றேன். முதல் தடவையாக அப்போதுதான் அதைக் கேட்டேன்.

அவள் தயாராகவே இருந்தாள். “வெள்ளிக்கிழமை வராது. நீங்க ஹால்ல யூனிபார்ம் தேய்க்கிற அன்னைக்குத்தான் வருது. நான் குக்கர்ல சோறு வெச்சுட்டு கெட்டில்ல தண்ணி போட்டிருப்பேன். மூணும் ஒண்ணா ஓடணும். ஒண்ண நிறுத்திப் பாத்தேன், வாடை கொறையுது. ரெண்டு வாரமாப் பாத்துட்டேன்.”

மறுநாள் காலையில் அவள் சொன்ன மாதிரியே மூன்றையும் போடச் சொன்னேன். பேனலின் முன்மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பியில் ஓடும் கரெண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பிடித்தேன். ஹால் கம்பியில் ஒன்பது ஆம்பியர். சமையலறைக் கம்பியில் பதினெட்டு. இரண்டும் இருபது ஆம்பியர் பிரேக்கர், விழாது. அப்புறம் கரெண்ட் திரும்பி வரும் நியூட்ரல் கம்பியில் பிடித்தேன். இருபத்தேழு. அது ஸ்க்ரூவில் நுழையும் இடத்தில் வெள்ளை உறை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. உடனே மூன்றையும் அணைக்கச் சொன்னேன்.

விஷயம் இதுதான். இந்தக் கட்டடத்தை வயரிங் செய்தவன் ஹாலுக்கும் சமையலறைக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல் இழுத்திருக்கிறான். இரண்டும் வேறு வேறு பேஸில், அதாவது வேறு வேறு கரெண்ட் லைனில் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. நியூட்ரலில் பெரிய சுமை எதுவோ அதற்கு மேல் ஓடாது. நான் இரண்டையும் ஒரே ஸ்லாட்டுக்கு, அதாவது ஒரே பேஸுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு சுமையும் சேர்ந்து அந்த ஒரே கம்பி வழியாகத் திரும்பியது. நியூட்ரலுக்கு பிரேக்கர் கிடையாது. ஒன்றும் விழாமல் கம்பி மட்டும் வெந்துகொண்டே இருக்கும். ரெட்டை போடும் முன்னால் எந்த நியூட்ரல் யாருடையது என்று பார்ப்பது பாலபாடம். அடுத்தவன் வீடாக இருந்தால் பார்த்திருப்பேன். நம்ம வீடுதானே, இட்லி அவசரம், விட்டுவிட்டேன்.

ஃபோர்மேனுக்கு போன் போட்டு டியூட்டிக்கு வரவில்லை என்றேன்.

“அண்ணாச்சி, ஒடம்புக்கு முடியலியா?”

“வீட்டுல எலக்ட்ரிக் வேலை.”

“அதுக்கு வெளிய நல்ல ஆளா பாத்து விடுங்களேன்” என்று சொல்லிச் சிரித்தார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். ஹாலையும் சமையலறையையும் பழையபடி தனித்தனி ஸ்லாட்டில், தனித்தனி பேஸில் போட்டேன். ரெட்டைக்குப் படுக்கையறை லைட்டையும் பாத்ரூம் லைட்டையும் மாற்றினேன். அந்த இரண்டுக்கும் தனித்தனி நியூட்ரல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், இருந்தது. பிறகு வெந்துபோன நியூட்ரலை உருவிப் புதுசு இழுத்தேன். சமையலறைக்குத் தனியாகவும் ஒன்று இழுத்தேன். எனக்குப் பிறகு யார் இந்தப் பேனலைத் திறந்தாலும் ஏமாறக் கூடாது. அவள் டார்ச் பிடித்தாள். வெட்டி எடுத்த கருகிய துண்டை அவள் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தாள்.

“இதே வாடைதான்.”

“என் தப்புதான்” என்றேன்.

“என்ன?”

“என் தப்புன்னு சொன்னேன்.”

“இல்ல, காதுல விழுந்துச்சு. சும்மா இன்னொரு தடவ கேக்கலாமேன்னு.”

மெயினைப் போட்டதும் அவளே இஸ்திரிப் பெட்டி, குக்கர், கெட்டில், போதாததற்கு கிரைண்டர் எல்லாவற்றையும் ஓட விட்டாள். பேனல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் நகரவில்லை. நான் மீட்டரைக் காட்டியபோதும் அதைப் பார்க்கவே இல்லை. மூக்கைத்தான் நம்பினாள். கடைசியில் எழுந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தாள்.

“டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க” என்றாள். “பாலத்துக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு?”

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கடல், வெயிலில் கண் கூசியது. பக்கத்து இருக்கையில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளும் விசிட்டில் வந்தவள்தான். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அந்தப் பெண் தன் வீட்டில் அடிக்கடி பிரேக்கர் விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரரு கரெண்டு வேலதான் பாக்குறாரு. ஒங்க வீடு எங்கன்னு சொல்லுங்க. மொதல்ல நான் வந்து ஒரு தடவ மோந்து பாத்துர்றேன்.”