சூடேறாத பிரேக்

வண்டியை யார் யார் ஓட்டுவீர்கள் என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார்.

"நான் மட்டுந்தானுங்க" என்றார் மாமா.

பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சங்ககிரியை அடுத்து எங்கள் வீடு. அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி டயர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். வீட்டில் நின்ற சின்னக் கார் அப்பா வாங்கியது. அதில்தான் மாமா அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அம்மாவுக்கு லைசென்ஸ் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதே காரை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்குக்குப் போய்வருவார். அங்கே நாலு சுற்று வேகமாக ஓட்டியதும் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது, அதனால்தான் தோற்கிறேன் என்பது அவர் கவலை. அதற்காகத்தான் நல்ல பிரேக் பேடு தேடிச் சேலத்துக்கு வந்திருந்தோம்.

கடைக்காரர் பொறுமைசாலி. சாதாரண பேடு மிதித்த உடனே பிடிக்கும், ஆனால் ட்ராக்கில் திரும்பத் திரும்ப மிதித்தால் கைவிட்டுவிடும் என்றார். ட்ராக் பேடு அதற்கு நேர் எதிர். நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிடிக்கும், அதுவரை மிதித்தாலும் வண்டி சட்டென்று நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, ரோட்டுக்கும் ஆகும், ட்ராக்குக்கும் ஓரளவு தாங்கும், வீட்டு வண்டி என்றால் அதைத்தான் போடவேண்டும் என்று ஒரு டப்பாவை முன்னால் தள்ளினார். மாமா அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஓரளவு தாங்குவது அவருக்குப் போதவில்லை. ட்ராக் பேடையே வாங்கினார்.

திரும்பி வரும்போது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டிவிட்டுச் சாயங்காலமே கழற்றிவிடுவேன், அரை மணி நேர வேலை என்றார். அம்மாவிடம் சொன்னால் அது அப்பா காதுக்குப் போகும், பிறகு ட்ராக்கையே மறக்கவேண்டியதுதான் என்றும் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஹெல்மெட் மாட்டி என்னையும் ஒரு சுற்று கூட்டிப்போவதாக ஒப்பந்தம். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஜெயித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் பொழுது சாய்ந்து வந்தவருக்கு உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கத் தெம்பில்லை. "நாளைக்குச் சாயங்காலம் மாத்திப்போடலாம் சாமி, உங்கம்மா எங்க போகப்போறா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் ஆறு மணிக்கு பைக்கில் வேலைக்குப் போய்விட்டார்.

எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் வேலைக்குப் பத்தரை மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். அந்த வேலைக்காகத்தான் அம்மா கார் ஓட்டவே கற்றுக்கொண்டாள். இரண்டு பஸ் மாறிப் போய்வருவது நடக்காத காரியம் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா பீரோவைத் திறந்து பட்டுக்கரை போட்ட பருத்திப் புடவையை எடுத்தாள். எனக்குக் காலாண்டு விடுமுறை. என்னையும் கிளம்பச் சொன்னாள்.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் மாமாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, வேறு வழி தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வயிற்றுவலி என்றால் பயணம் நின்றுவிடும் என்பது என் கணக்கு. அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேலை முடிந்ததும் அங்கேயே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள். அதற்குள் அரை மணி நேரம் போய் மணி ஒன்பதரை ஆகியிருந்தது. என் தந்திரத்தால் நடந்தது ஒன்றுதான். அம்மா வழக்கத்தைவிட வேகமாக ஓட்டவேண்டியதாயிற்று.

கேட்டைத் தாண்டும்போதே பிரேக் கீச்சென்று கத்தியது. என்ன இது என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து அம்மாவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிரேக்குக்கு மாறும்போதெல்லாம் என் காலும் தரையை அழுத்தியது.

"மெல்லப் போங்கம்மா."

"ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்று கேட்டு அம்மா இன்னும் வேகம் கூட்டினாள்.

மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில் கரட்டுக் குன்றை ஒட்டி ஒரு வளைவு. திரும்பியதும் எதிரே ரோடு முழுக்கச் செம்மறி, எல்லாம் மேச்சேரி ஆடுகள். அம்மா தூரத்திலேயே பிரேக்கை மிதித்துவிட்டாள். அதை நான் பார்த்தேன். கார் காது கேட்காதது போலப் போய்க்கொண்டிருந்தது. அம்மா சீட்டிலிருந்து பாதி எழுந்து முழு பலத்தோடு மிதித்தாள். பிறகு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். ஒரு ஆடு பம்பரில் பட்டு உருண்டது. கார் சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து நின்றது.

ஆடு மேய்த்த அம்மாள் ஓடிவந்தாள். முதலில் என்னைத்தான் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் ஆட்டைப் பார்த்தாள். அது எழுந்து நொண்டிக்கொண்டே மந்தைக்குள் போனது. அம்மா காரைவிட்டு இறங்கினாள். அந்த அம்மாள் தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, குற்றம் சொல்லாத குரலில் கேட்டாள்.

"காலு மாத்தி வெச்சுப்போட்டீங்களா சாமி? புதுசா ஓட்டறப்ப அப்பிடி ஆறதுதானுங்க."

"பிரேக்கத்தானுங்க மிதிச்சேன்" என்றாள் அம்மா. தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "மிதிச்சேன்னுதான் நெனைக்கறேனுங்க" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது.

பத்தரை மணி அந்த முள்ளோரத்திலேயே கடந்துபோனது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வரமுடியவில்லை, மன்னியுங்கள் என்று மட்டும் அம்மா சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

காரை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். சாயங்காலம் மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. அம்மா உள்ளே படுத்திருந்தாள். அவர் வாசலில் ஜாக்கி வைத்து, முன் சக்கரங்களைக் கழற்றி, பழைய பேடை மாட்டினார். அரை மணி நேரம்தான் ஆயிற்று. பிறகு காரை எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். அம்மா கதவோரம் வந்து நின்றாள்.

"பிரேக்கு எப்பிடி இருக்குது தம்பி?"

மாமா சாவியைப் பார்த்துக்கொண்டே, "பிரேக்கு நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றார். அந்த நேரத்துக்கு அது உண்மைதான்.

"அப்ப நாந்தான் சரியா மிதிக்கல" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் யாரையும் திட்டாமல் அந்த நாள் முடிந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

அதன்பிறகு அம்மா கார் ஓட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டபோது, தோதுப்படாது என்று சொல்லிவிட்டாள். மாமாவும் ட்ராக்குக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். எனக்குச் சொன்ன அந்த ஒரு சுற்று நடக்கவேயில்லை. ஆனால் அம்மா எங்கே புறப்பட்டாலும், மார்க்கெட்டோ கல்யாணமோ, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டாவது, "இருக்கா, நான் கொண்டுபோய் உடறேன்" என்று வந்து நின்றுவிடுவார். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் அது மாறவில்லை. அக்கா மேல் இவ்வளவு பாசமா என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

நானும் பல வருஷம் அதைப் பாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.