மூன்று நாளுக்கு மேல் இல்லை

அழிப்பதற்கு அனுமதி பெற்ற ஒருத்திக்கு, அழிக்காமல் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டா? பாத்திரம் தேய்க்கும்போதும், சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போதும், மகளின் தலையைத் துவட்டும்போதும் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் உண்டு என்று தோன்றுகிறது. மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது.

வல்லம் வடகாலில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பு ஸ்டோரேஜ். குளிரூட்டிய ஓர் அறையில் ஆளுயர இரும்பு அலமாரிகள் நிற்கின்றன. உள்ளே வரிசை வரிசையாக டிஸ்குகள். அவற்றின் இடத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் கிடைப்பதைக் குளம் என்போம். குளத்திலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பங்கு பிரித்து, எந்தப் பங்கை எந்த சர்வர் பார்க்கலாம் என்று இணைத்துக் கொடுப்பது என் வேலை. பங்குக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

எல்லாப் பிரிவும் தேவைக்கு மேல்தான் இடம் கேட்கும். நாங்களும் கேட்டதைக் கொடுத்துவிட்டதாகத் திரையில் காட்டிவிடுவோம். உண்மையில் அவர்கள் எழுத எழுதத்தான் குளத்திலிருந்து இடம் போகும். ஆக, கையில் இருப்பதைவிட அதிகமாகவே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். இது தவறில்லை, இந்தத் தொழிலில் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் நிரப்ப ஆரம்பித்தால் குளம் முட்டிவிடும். எழுத இடமில்லாமல் சர்வர்கள் ஒவ்வொன்றாக நிற்கும், பின்னாலேயே உற்பத்தி லைனும் நிற்கும். மகள் பிறப்பதற்கு முன்னால் இதை நினைத்து நான் பயந்ததில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு யோசிக்கிறவளாகிவிட்டேன்.

சமீபத்தில் லைனில் புதிய பரிசோதனைக் கேமராக்கள் வைத்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்துச் சேமிக்கும். குளம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் மேலே மேலே ஏறியது. புதிய டிஸ்குகளுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது, வரத் தாமதமாகும் என்றார்கள். எங்கள் மேனேஜர் எல்லாப் பிரிவினரையும் கூட்டினார்.

"ஏரியைத் திறந்துவிட்டு வெள்ளம் வந்த வருஷம் எங்க வீடு ஆத்தோரமா இருந்துச்சு. நிரம்பற வரைக்கும் காத்திருக்கறவங்களை அதுக்கப்புறம் எனக்குப் பிடிக்காது. யார் யார் எதைக் குறைக்கப் போறீங்க, சொல்லுங்க" என்றார்.

தரக்கட்டுப்பாட்டுக்காரர் முதலில் பேசினார். "என் படங்கள்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, அக்கவுண்ட்ஸ்ல சேர்த்து வச்சிருக்கற பொங்கல் விழா வீடியோவை எடுங்க சார்."

"எடுத்துடலாம்" என்றார் அக்கவுண்ட்ஸ்காரர். "அதுல உறியடிக்கறது நீங்கதான். ஒரு அடி கூடப் பானை மேல படல."

சிரித்தார்கள். ஆனால் யாரும் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. ஆடிட் கேட்கும், கஸ்டமர் கேட்பார், சட்டம் கேட்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. கடைசியில், பேச ஆள் வராத ஒரு பங்கு மிஞ்சியது. கிரெஷ் கேமராவின் பங்கு.

கிரெஷ் என்பது எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகம். கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு அறைகள். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள், ஒரு வயதைத் தாண்டியிருக்கிறாள். அங்கே உள்ள கேமராக்களின் பதிவுகளை ஒரு மாதம் வைத்திருப்பது வழக்கம்.

"அதை மூணு நாள் ஆக்கிடும்மா" என்றார் மேனேஜர். முறைப்படி மெயிலும் அனுப்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பங்குக்காகப் பேச வேண்டியவள் நானா? கூட்டத்தில் ஸ்டோரேஜ்காரியாக உட்கார்ந்திருந்தேன். என் குழந்தை கிரெஷில் இருப்பதால் பேசினால், சொந்தக் காரணத்துக்குப் பேசுகிறாள் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. அப்படி யாராவது நினைத்திருப்பார்களா என்பதும் எனக்குத் தெரியாது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் அழிப்பதற்கு முன்னால் ஸ்னாப்ஷாட் எடுப்போம். அந்தப் பங்கு அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே அது பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு ஏதாவது தவறென்றால் திரும்பிப் போகலாம். இரண்டு வாரம் கழித்துத் தானாகவே மறைந்துவிடும். கேமரா பங்குகளுக்கு மட்டும் இதைச் செய்வதில்லை. செய்தால், அழித்த பதிவுகளெல்லாம் ஸ்னாப்ஷாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இடத்தை விடாது. இடத்துக்காக அழிக்கிறோம், இடம் கிடைக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எடுத்தேன்.

பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மாதம்தான் என் மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். மாலையில் அழைத்துவரப் போனபோது கிரெஷ் ஆயாம்மா சொன்னார், "உன் பொண்ணு இன்னிக்கு நடந்துச்சுமா. அலமாரியப் புடிச்சிக்கினு நின்னுது, வுட்டுட்டு என்னாண்ட வந்துச்சு." நான் பார்க்காத அந்த நடை அந்தப் பதிவுகளுக்குள் எங்கேயோ இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்தபோது அது என் நினைவில் இருந்ததா? இருந்திருக்க வேண்டும்.

பதிவுகளைக் குறைத்த பிறகும் குளத்தின் கோடு இறங்கவில்லை. மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா, அப்படியே நிக்குது?"

"இடம் திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும் சார்" என்றேன். அது பாதி உண்மை. ஸ்னாப்ஷாட்டை அன்று மாலை அழித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

அன்று மதியம் கிரெஷுக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் மகளுக்கு நானே ஊட்டுவேன். வாசலில் லைனில் வேலை செய்யும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், அவளுடைய மகன் என் மகளைவிடச் சற்றுப் பெரியவன். ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று போயிருந்தவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"அக்கா, நீங்க கம்ப்யூட்டர் ஆபீஸ்தான? ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ஊருக்குப் போற அன்னைக்கு இவன இங்கேருந்துதான் தூக்கிட்டு பஸ் ஏறுனேன். பஸ்ஸுல வச்சுச் சட்டையக் கழத்துதேன், கையில நீலம் பூத்துக் கெடக்கு. யாரோ கிள்ளிருக்காவ. ஹெச்.ஆர்ல போய் கேமராவப் போட்டுக் காட்டுங்கன்னா, மூணு நாளுக்கு மேல இல்லங்காவ. முன்னெல்லாம் ஒரு மாசம் இருந்துச்சே, இப்ப எங்க போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஆயாம்மா வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். கிரெஷ் திறந்த நாளிலிருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். கையில் சோற்றுக் கிண்ணம்.

"நானும் அதத்தான் கேக்கறேன். போட்டுக் காட்டச் சொல்லு. நான் கிள்ளிக்கினு இருந்தா அப்பயே என்ன வூட்டுக்கு அனுப்பட்டும்."

"நான் ஒங்களச் சொல்லல ஆயாம்மா."

"வேற யாரச் சொல்ற? சொவுத்தையா? ஒண்ணு தூங்கனா ஒண்ணு எழுந்துக்கும், ஒண்ணு சாப்ட்டா ஒண்ணு துப்பும். இதுல கிள்றதுக்கு எனக்கு ஏது கை?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சிரிப்பு வேற, பிள்ள வலி வேற" என்றாள்.

என் இடுப்பில் மகள் இருந்தாள். தூக்கம் வந்திருந்தது. தூக்கம் வந்தால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைக்கு எட்டும் சதையைப் பிடித்து, இரண்டு விரல்களால் திருகிக்கொண்டேயிருப்பாள். என் கழுத்தோரத்தில் எப்போதும் சின்னச் சின்ன நீலத் தடங்கள் இருக்கும். துப்பட்டாவால் மறைத்துக்கொள்வேன். அன்றும் திருகிக்கொண்டிருந்தாள். ஆயாம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார்.

குழந்தைகளைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைப்பார்கள். அந்தப் பையனுக்கும் என் மகளுக்கும் பாய் அடுத்தடுத்து என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை ஸ்னாப்ஷாட்டை அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் பிரிவின் சோதனைப் பங்குகள் சிலவற்றைக் காலி செய்தேன். எனக்குச் சேர்ந்தவை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. குளத்தின் கோடு இறங்கியது. மேனேஜர் கடந்து போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாராட்டு வாங்கியபோது இவ்வளவு கூசியதாக எனக்கு நினைவில்லை.

அதற்கடுத்த வாரம் ஆயாம்மாவைக் குழந்தைகளிடமிருந்து எடுத்துக் கேன்டீனில் பாத்திரம் துலக்கும் இடத்தில் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "புகார் இருக்கு, ஆதாரம் இல்ல. கான்ட்ராக்ட் புதுப்பிக்கறப்ப பார்த்துக்கலாம்" என்று ஹெச்.ஆரில் சொன்னார்களாம். பார்த்துக்கலாம் என்றால் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பொருள், இங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போது கிரெஷில் வேறொரு பெண் இருக்கிறாள். நல்லவள்தான். என் மகள் காலையில் அவளிடம் போக மறுத்து அழுகிறாள்.

கேன்டீனில் தட்டை வைக்கப் போகும்போது ஆயாம்மாவைப் பார்க்கிறேன். "பாப்பா இன்னா பண்ணுது? துன்னுதா?" என்று கேட்கிறார். வேறெதுவும் கேட்பதில்லை. அவருக்குத் தெரியுமா? என் மகள்தான் செய்தாள் என்று அவர் பார்த்தாரா? பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை? நான் ஆபீஸ்காரி என்பதாலா, ஒரு குழந்தையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமலா? நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?

கணவரிடம் சொன்னேன். அவர் ஒரகடத்தில் வேறொரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"உன் வேலை இடம் கொடுக்கறது. வீட்டுக்காரன் மாதிரி. உள்ள யார் குடியிருக்கா, என்ன சமைக்கறாங்கன்னு எதுக்குப் பார்க்கற?"

"நான் பார்க்கலையே. பார்க்காமதானே இவ்வளவு கஷ்டம்."

"அப்ப பார்த்துடு."

"பார்த்தா பாப்பான்னு தெரிஞ்சா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஒரு வயசுக் குழந்தையை யார் என்ன சொல்லப் போறாங்க? உன்னைத்தான் சொல்லுவாங்க. அழிக்கச் சொன்னதை ஏன் வச்சிருந்தேன்னு." சட்டையை மடித்துக்கொண்டே, "பாப்பா இல்லாம, ஆயாம்மாவே கிள்ளியிருந்தாங்கன்னா?" என்றார்.

அதை நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை. என் மகள் அவருடைய மடியில்தான் தூங்கக் கற்றுக்கொண்டாள். அப்படியொரு படத்தைப் பார்க்க நேர்ந்தால், மறுநாள் எந்த மனதோடு அவளைக் கிரெஷில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன்? அவர் அங்கே இப்போது இல்லை என்றாலும்கூட.

பார்ப்பது எனக்குக் கடினமில்லை. ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு நகலெடுத்து ஒரு சர்வரோடு இணைத்தால் போதும். ஆனால் கேமரா பதிவுகளைப் பார்க்கும் உரிமை பாதுகாப்புப் பிரிவுக்குத்தான். நான் இணைத்தால், இணைத்தவள் நான் என்று பதிவாகும். அது நியாயமும்கூட. என் குழந்தையும் இருக்கும் இடத்தை, என்னைப் போல ஒருத்தி நினைத்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காமலிருக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு.

மேனேஜரிடம் போய் ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று சொல்வதுதான் நேர்வழி. இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனேன். முதல் முறை அவர் போனில் இருந்தார். இரண்டாவது முறை நிமிர்ந்து, "சொல்லும்மா" என்றார். புதிய டிஸ்குகள் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் கடினமாக இருக்கிறது. சொன்னால் என் வேலை போகுமா என்று தெரியவில்லை. வேலை போனால் கிரெஷும் போகும், வாடகையும் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முழங்காலில் இருக்கும்போதுகூட இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

தென்காசிக்காரப் பெண் இப்போது என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். அவளுடைய மகனின் கையில் தடம் மறைந்துவிட்டது. "அது ஆறிட்டுக்கா. ஆனா யாருன்னு தெரியாம இவன இங்க விட்டுட்டு லைன்ல நிக்க முடியல" என்று ஒரு நாள் சொன்னாள். அந்தத் தெரியாமையை என்னால் தீர்க்க முடியும். முடியும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஸ்னாப்ஷாட்டின் கெடு முடிய இருந்த நாளில் அதைத் தள்ளிப்போட்டேன். ஒரே ஒரு கட்டத்தில் தேதியை மாற்றினால் போதும். இன்னொரு முறையும் தள்ளிப்போடலாம். ஆயாம்மாவின் கான்ட்ராக்ட்டை அப்படித் தள்ளிப்போட என்னால் முடியாது, அது வருகிற மாதம் முடிகிறது.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைப் பிறரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கக்கூடும், என்னைப் போல அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருக்கிறவர்களும் இருக்கக்கூடும். மேனேஜரின் அறைக்குள் மூன்றாவது முறை போகும்போது நான் எந்த வாக்கியத்தில் ஆரம்பிக்க வேண்டும்? முதலில் நானே பார்த்துவிட்டுப் போக வேண்டுமா, பார்க்காமலே போக வேண்டுமா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். ஆயாம்மாவின் கான்ட்ராக்ட் முடிவதற்குள் கிடைத்தால் நல்லது.