களத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறைதான் குழம்புப் பொடி அரைப்போம். மதுரையில் அம்மா மிளகாய் வத்தல் வாங்கும் கடையில் ‘ராம்நாடு குண்டு’ என்று அட்டையில் எழுதிச் செருகியிருப்பார்கள். பெயரிலேயே ஊரை வைத்திருக்கும் பொருளை அந்த ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. மாசி மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் கிடைத்த ஒரே காலிச் சனிக்கிழமையில் அது நடந்தது. அம்மாவோடு கல்லூரியில் படித்த ராக்கு அக்கா சாயல்குடிப் பக்கம் இரண்டு ஏக்கரில் மிளகாய் போடுகிறார். (அத்தை என்று கூப்பிட்டால் வயதாகிவிட்ட மாதிரி இருக்கிறதாம். அக்கா போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.)

காலை ராமேஸ்வரம் பாசஞ்சர் ரயிலில் ராமநாதபுரம் வரை ஆளுக்கு முப்பது ரூபாய். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. பரமக்குடி தாண்டும் வரை உட்கார இடம் கிடைக்காது, நம்பிப் போகாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிக்குப் பேருந்து, ஒன்றரை மணி நேரம். இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஆங்காங்கே பனைகளுக்கு நடுவில் கடல் வந்து வந்து போகும்.

சாயல்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய் கேட்டது. “மிளகாய்க் காட்டுக்கா? வெயில்ல அங்கன என்னத்தப் பாக்கப் போறீக?” என்றார் ஓட்டுநர். பழம் பறிப்பதைப் பார்க்க என்று அம்மா சொன்னதும் நான் கொய்யாவா சப்போட்டாவா என்று கேட்டுவிட்டேன். இங்கே சிவந்த மிளகாய்க்குத்தான் பழம் என்று பெயர். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, “ஒன்னு கடிச்சுப் பாரு பாப்பா, இனிக்கும்” என்றார்.

புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி வளர்த்து, தையிலிருந்து பறிக்கிறார்கள். ராக்கு அக்காவின் வயலில் செடிகளுக்கு இடையே குச்சிகளில் மஞ்சள் அட்டைகள் நின்றன. பசை தடவிய அந்த அட்டைகளில் பூச்சிகள் ஒட்டிக்கொள்கின்றன. இதோடு வேப்பங்கொட்டைக் கரைசல், அவ்வளவுதான். இங்கே பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்கிறார்கள். இந்த வருடம் மருந்தே அடிப்பதில்லை என்று சுற்றுவட்டாரத்தில் பதினோரு பெண்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு வியாபாரி, மருந்து எச்சம் இல்லை என்று ஆய்வகச் சோதனையில் தேறினால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எல்லார் வத்தலும் ஒரே லோடாகப் போகும். ஒருவர் மூட்டையில் பழுது இருந்தாலும் பதினோரு பேருடையதும் திரும்பி வந்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் களம். முன்பெல்லாம் வெறும் மணலில் காயப்போடுவார்களாம். இப்போது நீலத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் காய்கிறது. ஒரு வத்தலை எடுத்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே விதைகள் கலகலவென்று பேசின. அந்தச் சத்தம் வந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

மதியம் சபுரா அக்கா ஸ்கூட்டரில் வந்தார். பதினோரு பேருக்கும் அவர்தான் தலைவி. சோதனைக்கு அனுப்ப ஒவ்வொரு களத்திலும் இரண்டு கைப்பிடி அள்ளி ஒரே பையில் சேர்த்துக்கொண்டு வருகிறார். அள்ளும் முன் கேட்டார்.

“ராக்கு, மருந்து அடிக்கலேல்ல?”

“சத்தியமா அடிக்கலக்கா.”

நான் அதுவரை கவனித்துக்கொண்டிருந்த ஒன்றை அப்போதுதான் கேட்டேன். தார்ப்பாயைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. “அக்கா, இங்க களத்துக்கும் கோலம் போடுவீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். ராக்கு அக்காவின் கணவர் முனியசாமி மாமா, “கோலமில்ல பாப்பா, எறும்புப் பொடி. முந்தாநாள் தூவுனேன்” என்றார்.

சபுரா அக்காவின் கை வத்தலுக்கு மேலேயே நின்றுவிட்டது. “தம்பி, இப்பத்தான மருந்தான்னு கேட்டேன்?”

“மருந்து வயலுக்குல்ல அடிக்கிறது? இது பொடிக்கா.”

“உங்கள யாருங்க தூவச் சொன்னா?” என்றார் ராக்கு அக்கா.

“போன வருசம் எறும்பு மொய்க்குதுன்னு நீதான பொலம்புன?”

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அடிப்பது மருந்து, தூவுவது பொடி. இரண்டுமே பூச்சிக்கொல்லி என்றாலும் அவர்கள் பேச்சில் வெவ்வேறு.

ஓரத்தில் கிடப்பதை ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை அள்ளலாமே என்றார் மாமா. “சாயங்காலம் அடிக்கிற கடல்காத்து நடுவுக்கு மட்டும் வராதாக்கும்?” என்று சபுரா அக்கா கேட்டார். களத்தில் கிடந்ததோ அந்தப் பருவத்தின் முதல் பறிப்பு, ராக்கு அக்காவின் வத்தலிலேயே நல்ல நிறம் ஏறியது.

ராக்கு அக்கா தார்ப்பாயின் ஓரத்திலிருந்து ஒரு வத்தலை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பிறகு, “என் வத்தல் இந்த லோடுல வேணாங்க்கா. பத்துப் பேரு என்னால நட்டப்படக் கூடாது” என்றார்.

“அப்பக் கமிஷன் கடையில போட்ருவோம். அங்கன எவன் சோதிக்கப் போறான்?” என்றார் மாமா.

“அத வாங்குறவளும் கொழம்புதான வைப்பா?”

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் கடையில் நிற்கிற ‘அவள்’ அம்மாதானே!

கடைசியில் சபுரா அக்கா வேறொரு பையில் தனியாக இரண்டு கைப்பிடி அள்ளி, ராக்கு அக்காவின் பெயரை எழுதினார். தேறினால் அடுத்த லோடு. “தேறலேன்னா வெதைக்கு வச்சுக்கிருவேன்” என்றார் ராக்கு அக்கா. “பதினோரு பேருக்கும் வெதை நாந்தான், சரியா?”

“வெதையத் திங்க மாட்டாங்கங்கிற தைரியமாக்கும்!” என்றார் சபுரா அக்கா. அதற்குள் மாமா துடைப்பத்தோடு கோட்டைக் கூட்டி அள்ளத் தொடங்கியிருந்தார்.

மாலையில் மாரியூர் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். சாயல்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். தண்ணீரும் தொப்பியும் அவசியம். வத்தலைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், நான் தொட்டேன். தார்ப்பாயில் செருப்போடு ஏறாதீர்கள். மருந்தில்லாத வத்தல் வாங்கப் போகிறீர்கள் என்றால் வயலை மட்டும் விசாரிக்காமல், காய்ந்த களத்தையும் மூட்டை அடுக்கிய அறையையும் சேர்த்து விசாரியுங்கள்.

போன வாரம் ராக்கு அக்கா அம்மாவிடம் பேசினார். மற்ற பத்துப் பேரின் வத்தல் தேறிவிட்டது. அவருடைய பை தேறவில்லை. இரண்டாம் பறிப்பு இப்போது களத்தில் காய்கிறதாம். அதைச் சுற்றி மாமா அடுப்புச் சாம்பலால் கோடு போட்டிருக்கிறார். சபுரா அக்காவும் கேள்வியை மாற்றிவிட்டார். இப்போது ஒவ்வொரு களத்திலும் ஒரே மூச்சில் இப்படித்தான் கேட்கிறாராம்:

“அடிச்சியா, தூவுனியா, தெளிச்சியா, பூசுனியா?”