சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டீப்பாய்

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. லிஃப்ட் ஆய்வாளர் உத்தியோகம். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இறங்கினாலும் அதன் கயிறு, கதவு, பிரேக், பித்தான் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்து, தேறினால் பச்சை ஸ்டிக்கரும் தேறாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவார். பச்சைக் கட்டு அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று பிரித்தது. இன்னும் பாதிகூடத் தீரவில்லை. சிவப்புக் கட்டுக்கு மட்டும் மாதாமாதம் எழுதிப்போட்டு வரவழைப்பார்கள். 'தகுதியற்றது. பயன்படுத்தாதீர்' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அவர் குடியிருந்த மூன்றாவது மாடிக்குப் போகும் லிஃப்டிலேயே அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் இரண்டு வருடமாக ஒட்டியிருந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்கும் முழங்கால் சரியில்லை. அவரைப் பார்த்தால் யாருக்கும் முகமும் சரியில்லை.

இந்தக் குணம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கல்யாணத்தன்று மேடையில் ஏறுவதற்கு முன் குனிந்து அதன் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தவர் அவர். மணப்பெண் எட்டாம் வகுப்பு டீச்சர். நாற்பது வாண்டுகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள். அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும். பார்க்கத்தான் செய்தாள், பொறுப்பான மனிதர் என்று நினைத்துத் தொலைத்தாள்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு மாதத்தில் அது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியது. முதலில் அது பிடித்து நின்றது டீச்சருடைய அண்ணனின் சுண்டு விரலை. இரண்டாவதாகப் பிடித்து நின்றது ஹாலில் கிடந்த கண்ணாடி டீப்பாயை. அந்த டீப்பாய்க்கு நாலு மூலை. நாலும் குழந்தையின் நெற்றிக்கு நேரே. பூதக்கண்ணாடி அன்று மாலையே அதைத் தூக்கிக்கொண்டு போய், குழந்தை குட்டி இல்லாத எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அதுவரை செய்தது சரி. அதற்கு மேல்தான் வந்தது வினை.

டீப்பாய் போனதும் டீச்சர் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்தினாள். வந்தவர்கள் காபிக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விரல் சுடச்சுட, அவசரமாகக் குடித்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார்கள். இதைப் பார்த்த டீச்சரின் அண்ணன், "நான் பண்ணித் தர்றேன் மாப்பிள்ளை, விடுங்க" என்றார்.

அண்ணனுக்குத் தச்சு வேலை. மூன்று மெஷின் போட்டுப் பள்ளிக்கூட பெஞ்சும் சமையலறை அலமாரியும் செய்கிற பட்டறை. தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வட்ட டீப்பாய் செய்தார். விளிம்பு, கட்டைவிரல் தடிமனுக்கு உருண்டு வழவழவென்று இருந்தது. கால்கள் குழந்தையைத் தடுக்காதபடி உள்ளே தள்ளி நின்றன. உயரம், மருமகள் மார்பளவு. பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கலாம். ஒரு சனிக்கிழமை மாலை அதைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினார். லிஃப்டில்தான் மாப்பிள்ளையின் கைவண்ணம் ஒட்டியிருக்கிறதே.

டீச்சர் அண்ணனுக்குக் காபி கொடுத்தாள். அவர் பாதி குடிப்பதற்குள் பூதக்கண்ணாடி இரும்புப் பெட்டியைத் திறந்து அளவுகோல், ரசமட்டம், கைவிளக்கு எல்லாம் எடுத்துப் பரப்பிவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, டீப்பாய்தானே? ராக்கெட்டா?"

"ஒரு நிமிஷம் மச்சான். லிஃப்ட் கயிறுன்னா ஏத்துற பாரத்தைப் போலப் பத்து மடங்கு தாங்கணும்."

"இதுல யாரு ஏறப் போறா?"

"அதை முன்கூட்டியே சொல்ல முடியாது மச்சான்."

எதிர்வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டார். மாடிவீட்டில் இருந்து உடற்பயிற்சி வாத்தியாரையும் அவருடைய இரண்டு தடி மைத்துனர்களையும் கூப்பிட்டார். ஐந்து பேரையும் அந்த வட்டத்தின் மேல் நிறுத்தி, ஒருவரையொருவர் இடுப்பில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மூன்று முறை குதிக்கச் சொன்னார். கீழ்வீட்டு விளக்கு ஆடியது. மூன்றாவது தெருவில் இருந்த நாய் குரைத்தது. டீப்பாய் முனகக்கூட இல்லை.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தேறிவிட்டது என்று ஒரு சாமானை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் அப்புறம் அவர் எதற்கு? டீப்பாயைச் சுற்றி ஏழு தடவை நடந்தார். எட்டாவது தடவையில் முகம் பிரகாசமானது.

"வட்டமா இருக்கு" என்றார்.

"வட்டமாத்தான் பண்ணினேன்" என்றார் அண்ணன்.

"மூலை இருந்தா நாலு இடத்துல ஆபத்து. நாலையும் மூடிடலாம். இதுல மூலையே இல்ல. குழந்தை எந்த இடத்துல வந்து மோதும்னு குறிப்பிட்டுச் சொல்ல முடியல." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துப் பளபளவென்றிருந்த மரத்தின் நட்டநடுவில் ஒட்டி, ஓரங்களை நகத்தால் நீவிவிட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க மச்சான். இது மரத்தைப் பத்தின அறிக்கை. உங்களைப் பத்தினது இல்ல."

அண்ணன் கையிலிருந்த பாதிக் கோப்பையை வைக்க இடம் தேடினார். டீப்பாயில் ஸ்டிக்கர். தரையில் குழந்தை. கடைசியில் அதை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு, டீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எட்டுச் சனிக்கிழமை வந்தது. அண்ணன் வரவில்லை. டீச்சருக்கு அப்பா அம்மா கிடையாது. அந்த அண்ணன்தான் வளர்த்துப் படிக்க வைத்தவர். அவள் சண்டை போடவில்லை. அழைப்பு மணி அடித்தால் குழந்தை கதவைப் பார்த்து "மா... மா" என்று ஒரு விரலை நீட்டும், பால்காரர் நின்றிருப்பார். டீச்சர் அப்போதும் ஒன்றும் சொல்லாமல், மடியில் இருந்த தாளில் யாரோ ஒரு பாவப்பட்ட பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைப்பாள்.

பூதக்கண்ணாடிக்கு மௌனத்தை அளக்கும் கருவி இல்லை. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று எண்ணிக்கொண்டு கடை கடையாக டீப்பாய் தேடினார். வெறுங்கையோடு போவாரா? லிஃப்டைச் சோதிக்க மணல் மூட்டை ஏற்றுவது தொழில் வழக்கம். அதன்படி குழந்தையின் எடைக்குச் சரியாக, ஒன்பது கிலோ இருநூறு கிராம் மணலை ஒரு பையில் தைத்தார். தலை எது, கால் எது என்று குழப்பம் வரக்கூடாதே என்று குழந்தையின் பழைய கவுனைப் போட்டார், குல்லாயும் வைத்தார். பார்க்க அச்சு அசல் குழந்தை. மூஞ்சி மட்டும்தான் கொஞ்சம் அவர் ஜாடை.

நகரத்திலேயே பெரிய மரச்சாமான் கடை. சனிக்கிழமைக் கூட்டம். கவுனும் குல்லாயுமாக ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தகப்பன் நுழைகிறார். 'பாவம், குழந்தை தூங்குது' என்று வழிவிடுகிறார்கள். அவர் ஒரு டீப்பாய் முன்னால் நின்று, உயரம் பார்த்து, குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து, மூலையில் நச்சென்று ஒரு போடு போடுகிறார். பிறகு நோட்டில் எழுதுகிறார். பிறகு இன்னொரு போடு.

ஒரு அம்மாள் சோபாவிலேயே மயங்கிச் சாய்ந்தாள். இன்னொருத்தி குடையால் அவர் முதுகில் சாத்தினாள். காவலாளி ஓடிவந்து இடுப்போடு கட்டிப் பிடித்தார்.

"பயப்படாதீங்க, பயப்படாதீங்க!" என்று கத்தினார் பூதக்கண்ணாடி. "இது மாதிரிதான்! அசல் வீட்ல பத்திரமா இருக்கு!"

"எத்தனை மாதிரி வெச்சிருக்கான் பாருங்க படுபாவி!" என்று குடைக்காரி இன்னும் இரண்டு வைத்தாள்.

இப்படிப் பதினாலு கடை. பதினாலிலும் தேறினது ஒன்றுமில்லை. பஞ்சு வைத்த ஸ்டூல் ஒன்று தேறும்போல் இருந்தது. அதன் மேல் கோப்பை நிற்கவில்லை, சாய்ந்து விற்பனைப் பெண்ணின் காலில் காபி கொட்டியது. எல்லாக் கடைக்காரர்களும் அவர் படத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். சிவப்பு ஸ்டிக்கர் அவர்களிடம் இல்லாத குறைதான்.

ஒன்பதாவது சனிக்கிழமை. மணல் குழந்தை சோபாவில் உட்கார்ந்திருந்தது. நிஜக் குழந்தைக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. தனக்கு ஊட்டுவதில் பாதியை அதன் குல்லாய்க்குள் திணித்துவிடும். அன்று சோபாவைப் பிடித்து எழுந்து, மணல் குழந்தையின் கவுனைப் பிடித்து இழுத்தது. மணல் குழந்தை அசையவில்லை. கவுன் பட்டென்று கிழிந்தது. கையில் கிழிந்த துணியோடு நிஜக் குழந்தை பின்னால் சாய்ந்து, தரையில் திறந்து கிடந்த இரும்புப் பெட்டியின் மூடியில் தலையை இடித்துக்கொண்டது. ரசமட்டமும் அளவுகோலும் இருக்கிற பெட்டி. ஹாலில் மூலையோடு இருந்த ஒரே சாமான் அதுதான்.

நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்தது. குழந்தை அழுத அழுகை கீழ்த்தளம் வரை கேட்டது. பூதக்கண்ணாடி நோட்டோடு ஓடிவந்து, நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றார்.

டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, சிவப்பு ஸ்டிக்கர் கட்டை எடுத்து அதில் ஒன்றைக் கிழித்து இரும்புப் பெட்டியின் மேல் ஒட்டினாள். எட்டு வாரத்து மௌனம் அப்போதுதான் உடைந்தது.

"நாளைக்கு எங்க அண்ணன் இந்த வீட்ல காபி குடிக்கணும். கையில வெச்சு இல்ல, டீப்பாய் மேல வெச்சு. இல்லேன்னா நானும் குழந்தையும் அங்க போய்க் குடிக்கிறோம். எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க."

"அது வந்து, பதினஞ்சாவது கடையில..."

டீச்சர் பார்த்தாள். எட்டாம் வகுப்புப் பார்வை. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறையில் அண்ணன் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே அந்த வட்ட டீப்பாய். நடுவில் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர், ஓரம்கூடக் கிழியாமல்.

"இன்னும் எடுக்கலையா மச்சான்?"

"எதுக்கு எடுக்கணும்? வர்றவங்கல்லாம் என்னன்னு கேக்குறாங்க, சொல்றேன். அஞ்சு பேர் இது மேல நின்னு குதிச்ச கதையைக் கேட்டுட்டு ஆறு வீட்ல இதே மாதிரி வேணும்னுட்டாங்க. உங்க கைராசி மாப்பிள்ளை."

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். "முந்தைய ஆய்வறிக்கையில சில கருத்துகளை மறுபரிசீலனைக்கு உட்படுத்துறது அவசியம்னு..."

"தமிழ்ல சொல்லுங்க."

இழைப்புளி நின்றது. மரச்சுருள் ஒன்று உருண்டு வந்து பூதக்கண்ணாடியின் காலடியில் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் மச்சான்" என்றார். "குழந்தை என் பெட்டியில இடிச்சுக்கிச்சு."

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "அடி பலமா?"

"நெல்லிக்காய் அளவு."

"அளந்தீங்களாக்கும்?"

"இல்ல" என்றார் பூதக்கண்ணாடி. அவர் வாழ்க்கையில் அளக்காமல் விட்ட முதல் சாமான் அது.

"சரி. வர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. இந்தத் தடவை ஆய்வு நான் பண்ணுவேன்."

ஞாயிறு மாலை அண்ணன் டீப்பாயைத் தோளில் வைத்து வந்தார். பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடி மூன்று மாடி ஏறினார்; இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு, லிஃப்ட் கதவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குழந்தை கதவோரத்திலேயே நின்றிருந்தது. "மா... மா!" இந்தத் தடவை பால்காரர் இல்லை.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. சிவப்புக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். ஆடுகிற புத்தக அலமாரிக்கு ஒன்று. பால்கனிக் கம்பி இடைவெளிக்கு ஒன்று. மணல் குழந்தையின் நெற்றியில் ஒன்று. "இதெல்லாம் உங்க கண்ணுல படலையா மாப்பிள்ளை? நாலு அடி தூரத்துல இருக்கே!" பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மீதிக் கட்டைக் குழந்தை பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

பிறகு காபி வந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்து, டீப்பாய் மேல், பழைய ஸ்டிக்கருக்கு மேலேயே கோப்பையை வைத்தார். டீச்சர் அந்தக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்; பிறகு திருத்தவேண்டிய தாள்களை எடுத்து வந்து அதற்குப் பக்கத்தில் பரப்பினாள்.

குழந்தை டீப்பாயைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் கால் பின்னி, தாடை விளிம்பில் மோதியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அது அழலாமா என்று ஒரு கணம் யோசித்தது. சுற்றிலும் மூன்று முகத்தைப் பார்த்தது. பிறகு விளிம்பை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி நடந்தது.

பூதக்கண்ணாடியின் கை சட்டைப் பைக்குப் போனது. டீச்சர் தலையைத் தூக்கினாள். கை திரும்பி வந்தது. ஆனால் அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, 'முதல் மோதல், மாலை ஆறு நாற்பது, சத்தம் மந்தம்' என்று எழுதிவிட்டுத்தான் வந்தார். அதுகூட எழுதாவிட்டால் மனுஷனுக்கு ஜன்னி கண்டிருக்கும்.

மறுநாள் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஆய்வு. மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை லிஃப்ட் வாசலில் குனிந்தும் நிமிர்ந்தும் நின்றார். லிஃப்டில் பழுதே இல்லை. ஆனால் அவர் முதுகைப் பார்த்தவர்கள் எல்லாம் மளமளவென்று படியில் ஏறிப் போனார்கள். அலுவலகத்திலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் என்ன இருக்கிறது, அவரவர் மனதில் இருந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் டீச்சர்தான் சிரிப்பை அடக்க முடியாமல் அந்த ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில், பிஞ்சு விரல் ரேகையோடு, 'தகுதியற்றது. பயன்படுத்தாதீர்.'

பூதக்கண்ணாடி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "மூணு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு" என்றார். நகத்தால் மெல்ல உரித்து, நேராக்கி, ஓரங்களை நீவி, திரும்ப ஒட்டினார்.