ஃபார்மசிக்கு மாற நினைத்தவள்

இன்று பிரிக்பீல்ட்ஸ் பஸ் நிறுத்தத்தில், என் பழைய பல்கலைக்கழகப் பையைப் பார்த்துவிட்டு ஒரு முதலாண்டு மாணவி பேசினாள்.

"அக்கா, நான் பயோலஜி. ஃபார்மசிக்கு மாறணும். பாயிண்டர் நாலுக்கு 3.7. ஃபார்ம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். சான்ஸ் இருக்கா?"

"கஷ்டம் லா. ரெண்டு மூணு பேரைத்தான் எடுப்பாங்க."

"நீங்க ஃபார்ம் போட்டீங்களாக்கா?"

"போட்டேன். கிடைக்கல."

"அப்போ எனக்கு எங்க…" என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்த ஃபார்மை மடித்துப் பையில் திணித்தாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் ஃபார்ம் போடவே இல்லை. கையெழுத்துக்காக டீன் அறைக் கதவைத் தட்டக் கூச்சப்பட்டே கடைசி நாளைத் தவறவிட்டேன். வீட்டில் யாருக்கும் இந்த நடைமுறை தெரியாது. "கிடைக்கல" என்றேன், நம்பிவிட்டார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், இன்று அவளிடமும் சரளமாக வந்துவிட்டது.

அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த அக்காவின் பேச்சை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.