புல்தரை, நான்கு பிகா

கல்கத்தாவில் நான் முதன்முதலாக விலை போட்ட காடு டாலிகஞ்சில் இருந்தது. டிராம் போய் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நடை. இப்போது அங்கே வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அன்று மாவும் பலாவும் மூங்கிலும் நின்றன. நிலத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு வங்காளி வக்கீல். மகளுக்கு வீடு கட்டித்தர ஆசைப்பட்டு, பத்து பிகா நிலத்தில் உள்ள மரம், செடி, பூண்டு எல்லாவற்றையும் அகற்ற மூடிய உறையில் விலை கேட்டிருந்தார். மூன்று பிகா சேர்ந்தால் ஒரு ஏக்கர்.

நான் காடு வெட்டி நிலம் திருத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தா. தலைமைக் குமாஸ்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஓய், இது உமக்குப் பரீட்சை. டெண்டரும் நமக்கு வரணும், கம்பெனிக்கு லாபமும் நிக்கணும். ரெண்டும் நடந்தா நீர் பெர்மனென்ட். இல்லேன்னா மெட்ராஸ் மெயில்தான்" என்றார்.

பெர்மனென்ட் என்றால் எனக்கு ஒரே அர்த்தம். கல்யாணமாகி ஒரு வருஷமாக என் மனைவி கும்பகோணத்தில் பிறந்தகத்தில் இருந்தாள். நான் இங்கே எட்டுப் பேர் குறட்டை விடும் மெஸ்ஸில் இருந்தேன். வேலை உறுதியானால் தனி ஜாகை பிடிக்கலாம். ஜாகை பிடித்தால் அவளை அழைத்துவரலாம். பெண்டாட்டியை நினைத்து ஏங்கினேன் என்று அந்தக் காலத்தில் சொன்னால் மெஸ்ஸே சிரிக்கும். இப்போது சொல்லலாம். ஏங்கினேன்.

மரத்துக்கு விலை போடுவது பார்க்கச் சுலபம். வெட்ட எத்தனை ஆள், வேரைத் தோண்ட எத்தனை நாள் என்பது செலவு. வெட்டிய மரத்தை மரவாடிக்காரன் என்ன விலைக்கு எடுப்பான் என்பது வரவு. கழித்து, மேலே கொஞ்சம் வைத்துக் கேட்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் தலைவலி. கூடிப்போனால் போட்டிக்காரன் தட்டிக்கொண்டு போவான், குறைந்துபோனால் கைப்பணம் போகும். நான் மூன்று நாள் அலைந்தேன். ஒவ்வொரு மரத்தையும் கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்து, சுண்ணாம்பால் நம்பர் எழுதினேன். ஆறு மூங்கில் புதர்களையும் சேர்த்தேன். பட்டுப்போன இரண்டு தென்னையைக்கூட விடவில்லை.

கிழக்கு ஓரத்தில் மரமே இல்லாத ஒரு பெரிய வெளி. பளபளவென்று பச்சை இலை, நடுநடுவே ஊதாப் பூ. அதன்மேல் ஒரு கொக்கு, சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிற பெரிய மனிதரைப் போல, சாவதானமாக நடந்து போயிற்று. கொக்கு நடக்கிறது என்றால் அது தரை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிட்டே போகலாம் என்றால் இடையில் அட்டை நெளியும் முட்புதர். நானோ புது வேட்டி கட்டியிருந்தேன். நின்ற இடத்திலிருந்தே, "புல்தரை, நான்கு பிகா. செதுக்க ஆறு ஆள், இரண்டு நாள்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அன்றைக்கே மனைவிக்கும் ஒரு கடிதம் போட்டேன். 'டெண்டர் நமக்குத்தான். புறப்படத் தயாராக இரு.'

வக்கீல் வீட்டு வராந்தாவில் உறைகளைப் பிரித்தார்கள். என்னைத் தவிர இரண்டு பேர் விலை கொடுத்திருந்தார்கள். என் விலை அவர்களுடையதில் பாதிகூட இல்லை. வக்கீல் என் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இங்கிலீஷில் கேட்டார்.

"நான்கு பிகா குளத்தில் மூடிக் கிடக்கும் பானாவை ஆறு ஆளை வைத்து இரண்டே நாளில் எடுத்துவிடுவீர்களா? இவர்கள் அதற்கு மட்டும் இரண்டு மாதம் கேட்டிருக்கிறார்கள். ஆச்சரியமான மதராசி மூளை! என்ன முறை உங்களுடையது?"

எந்தக் குளம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. பானா என்பது தண்ணீர்மேல் மிதக்கும் பூண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பளபளப்பும் ஊதாப் பூவும் கண்முன் வந்தன. போட்டிக்காரர்கள் இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

"அது எங்கள் கம்பெனியின் ரகசியம்" என்றேன்.

ஆபீசில் தலைமைக் குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "கொக்கு நடந்துதாமே கொக்கு! ஓய், கொக்கு என்ன கனம் இருக்கும், நீர் என்ன கனம் இருப்பீர்? ஒரு தரம் காலை வெச்சுப் பாக்கப்படாதோ? கொடுத்த விலையிலேர்ந்து பின்வாங்க முடியாது. சொன்ன விலைக்கு முடிச்சுக் குடும். இல்லே, மூட்டையைக் கட்டும்."

மெஸ்ஸுக்கு வந்தால் கும்பகோணத்துக் கடிதம் காத்திருந்தது. 'அண்ணா பயணத்துக்கு நாள் பார்த்துவிட்டார். அப்பளம் இருநூறு இட்டாகிவிட்டது. வேறென்ன கொண்டுவரட்டும்?' இருநூறு அப்பளம் இட்டவளிடம் வராதே என்று எப்படி எழுதுவது? நான் பதிலே போடவில்லை.

மரங்கள் ஒழுங்காக விழுந்தன. அதில் என் கணக்கு ஓர் ஆள் பிசகவில்லை. ஆனால் 'புல்தரை'யில் இறங்கிய முதல் ஆள் மார்பு வரைக்கும் உள்ளே போய், என் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு வெளியே வந்தான். இருபது பேரை இறக்கினேன். பகலெல்லாம் பூண்டை வாரிக் கரையில் போடுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் காற்று எதிர்க்கரைப் பூண்டையெல்லாம் தள்ளிவந்து அதே இடத்தை மூடியிருக்கும். நான்கு நாள் கூலி தண்ணீரோடு போயிற்று.

ஐந்தாம் நாள் கரையில் ஒரு மீனவர் வந்து நின்றார். எல்லோரும் இலையைப் பார்த்தால் அவர் இலைகளுக்கு இடையே எழும் குமிழியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, எனக்குப் புரிவதற்காக நிறுத்தி நிறுத்தி வங்காளி பாஷையில் சொன்னார். "பாபு, இந்தப் பானா மூடினதிலிருந்து இங்கே வலை விழவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் வருஷக்கணக்காக வளர்ந்து பெருத்த கிழட்டு மீன்கள். பாதி மீன் எங்களுக்கு என்றால் பானாவை நாங்களே எடுத்துவிடுகிறோம். கூலி வேண்டாம்."

எனக்குப் புல்லரித்தது. அந்த நிலத்தில் நின்றதற்கெல்லாம் விலை போட்டவன், நீந்தியதற்குப் போடவில்லையே!

பிறந்ததிலிருந்து மீனை நேருக்கு நேர் பார்க்காதவன், மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு கரியாஹாட் சந்தைக்குப் போய் ரோகு என்ன விலை, கட்லா என்ன விலை என்று விசாரித்தேன். மீனவர் கேட்டது நியாயம்தான் என்று தெரிந்தது. வக்கீலிடம் போய், பாதி மீன் உங்களுக்கு, பாதி அவர்களுக்கு, சம்மதமா என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஓகோ! இதுதானா உங்கள் ரகசியம்!"

நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

மீனவர்கள் முப்பது பேர் வந்தார்கள். நான் விலை போட்டு வைத்திருந்த மூங்கிலையே வெட்டி, நீளக் கட்டி, குளத்தின் குறுக்கே போட்டு, மொத்தப் பூண்டையும் பாய் சுருட்டுவதுபோல் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். மறுபடி பரவ விடாமல் வாரிக் கரையேற்றினார்கள். மூன்றே நாள். கம்பெனிக்கு லாபம் நின்றது, எனக்கு வேலை நின்றது. நான் தந்தி அடித்தேன். கதை அதற்குள் ஊரெல்லாம் பரவி, 'மதராசி முறை' என்று பெயரும் வாங்கிவிட்டது.

ஹவுராவில் மனைவியை இறக்கிக்கொண்டு, குதிரை வண்டியில் புது ஜாகைக்கு வரும் வழியெல்லாம் இந்தப் பராக்கிரமத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கொக்கை மட்டும் விட்டுவிட்டேன். அவள் அப்பளத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு உம் கொட்டினாள்.

வாசலில் வக்கீல் வீட்டு ஆள் பெரிய பித்தளைத் தாம்பாளத்தோடு நின்றான். மேலே பட்டுத்துணி. "உங்கள் வீட்டுப் புது மருமகளுக்கு எங்கள் பாபு அனுப்பினார்" என்றான். மனைவி ஆசையாகத் துணியை விலக்கினாள்.

முழ நீளத்துக்கு மேலே ஒரு ரோகு மீன் படுத்திருந்தது. சிவப்புக் கரைச் சேலை சுற்றியிருந்தது. நெற்றியில் குங்குமம். மூக்கில் வளையம். வங்காளிகள் கல்யாண வரிசையில் மீனை இப்படித்தான் மணப்பெண்ணாக அலங்கரித்து அனுப்புவார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அவர்களிடம் கிடையாது. இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்வதற்குள் அவள் இரண்டு அடி பின்னால் போயிருந்தாள்.

வக்கீல் வீட்டு ஆள் போகும்வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரருக்கு மீனைக் கொடுத்தேன். மனைவி அப்பளத் தகரத்தை வாசற்படியில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்கோ. அது குளம்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

கல்கத்தா முழுக்க ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. "தெரியாது" என்றேன். "புல்தரைன்னு நெனச்சேன்."

"அதானே பாத்தேன். பொண் பாக்க வந்தன்னிக்கு எங்க சித்தி பொண்ணைப் பாத்துத் தலையை ஆட்டிட்டுப் போனவர்தானே நீங்க."

நான் தலையாட்டிய பெண் வேறு என்பது மணையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

"போனாப் போறது. ரெண்டும் லாபமாத்தானே முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, அப்பளத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.