நிறையாத தொட்டி

பிரியாணியில் பினாயிலை ஊற்றினால் என்ன வாசம் வரும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். அப்போதுதான் தம் பிரித்திருந்தோம். ஆவி அடங்காத அண்டாவுக்குள் சுகாதார ஆய்வாளர் ஒரு பாட்டில் பினாயிலை அப்படியே கவிழ்த்தார். சீரகச்சம்பா சோறு என் கண்ணெதிரே பால் போல வெளுத்தது. இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள், ஒருவர் வாந்தியே எடுத்தார். என் கையில் இரும்புக் கரண்டி இருந்தது. அதைக்கொண்டே ஆய்வாளர் தலையில் அடித்தேன். இரண்டாவது அடியில் நெற்றிக்கு மேலே தோல் பிளந்து, ரத்தம் அவர் சட்டையிலும் சோற்றிலும் வழிந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது கடை ஆட்கள் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மனிதர் ஓடவில்லை. காயத்தைக் கையால் அழுத்திக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். "அடிச்சிட்டேல்ல? இப்பவாச்சும் காது குடுத்துக் கேளு பாய். ஒங்கெணத்துத் தண்ணியில பீ கலந்துருக்கு. ஒங்கடையில சாப்ட சனந்தான் ஆஸ்பத்திரியில மஞ்சக்காமாலையோட வரிசையாக் கெடக்கு" என்றார். நான் அவர் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் புழங்கக் கூடாது என்று அதற்கு முன் இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்திருந்தார். முதல் நோட்டீஸைக் கிழித்தேன், இரண்டாவதை அடுப்பில் போட்டேன். கடைக்குப் பின்னால் எங்கள் வீடு, வீட்டு முற்றத்தில் அத்தா வெட்டிய கிணறு. எங்கள் பிரியாணியின் ருசியே அந்தத் தண்ணீர்தான் என்று திண்டுக்கல்லில் பாதிப் பேர் சொல்வார்கள், சித்தையன்கோட்டையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து சாப்பிடுவார்கள். எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி இருந்த எங்கள் கக்கூஸ் தொட்டி, கட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட நிறைந்ததில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கழிவு உறிஞ்சும் லாரி வரும்போது, "எங்க அத்தா கட்டுன தொட்டிய வந்து பாருங்கய்யா" என்று மீசையை முறுக்கியிருக்கிறேன். அத்தா செலவை மிச்சம் பிடிக்க அடித்தளமே போடாமல் வெறும் மண்ணாக விட்டிருந்தார். போட்டதெல்லாம் மண்ணுக்குள் இறங்கினால் தொட்டி எப்படி நிறையும்? இது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் பெருமைப்பட்டேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் என் மகளும் கிடந்தாள். ஒன்பது வயது. கண்ணெல்லாம் மஞ்சள், இரண்டு வாய் கஞ்சிகூட உள்ளே தங்கவில்லை. ஈரல் வீங்கியிருக்கிறது, நான்கைந்து நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். ஆஸ்பத்திரித் தண்ணீர் ஆகாது என்று நானே தினமும் காலையில் கிணற்றில் இறைத்து, ஒரு கேன் நிறையக் கொண்டுபோய் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வருவேன். ஆய்வாளர் அப்படிச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. அவர் பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என்ற வெறியில் இன்னும் பெரிய கேனாகத் தூக்கிப் போனேன்.

மறுநாள் காலை தலையில் கட்டோடு வந்து நின்றார். போலீஸைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன், தனியாகத்தான் வந்தார். "கேஸு எங்கயும் போயிறாது. மொதல்ல கெணத்த மூடுவோம், பெறகு ஒன்னய உள்ள தள்ளுறேன்" என்றார். கோழிக்குப் போட நான் ஒளித்து வைத்திருந்த சிவப்புக் கலர் பொடியை முந்தின நாள் பறிமுதல் செய்திருந்தார். அந்த டப்பா முழுவதையும் எங்கள் கக்கூஸில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். "ஒங்கலரு ஒங்கெணத்துக்கு வருதா இல்லயான்னு நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது.

கலர் கொட்டிய மூன்றாம் நாள் மதியம் வாளியை இழுத்தேன். தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. அன்று விடிகாலையில் இருட்டோடு இருட்டாக நான் இறைத்துக் கொண்டுபோன கேன் நினைவுக்கு வந்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு இல்லை, சட்டை இல்லை. வார்டுக்குள் நுழைந்தபோது கேன் கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் குடித்துத் தீர்த்துவிட்டாள் என்றே நினைத்தேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டு, என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று கத்தினேன். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது.

என் மனைவி ஓடிவந்து என் தலையைப் பிடித்தாள். "குடிக்கலங்க. அவ ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. நான் கீழ ஊத்திட்டேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க மண்டைய ஒடச்ச அன்னைக்கே அவரு இங்க தையல் போட வந்தாரு. வார்டு வார்டா வந்து யாரு எந்தத் தண்ணி குடிக்கிறீகன்னு கேட்டாரு. எங்க கெணத்துத் தண்ணின்னேன். கேனப் புடுங்கி சன்னலுக்கு வெளிய ஊத்திட்டாரு. நான் அவரு சட்டையப் புடிச்சு அடிச்சேன். அடிம்மா, ஆனா இந்தத் தண்ணியக் குடுத்தா நீயே புள்ளயக் கொன்ன மாதிரின்னாரு. அன்னையிலருந்து நீங்க கொண்டாரதப் பூரா ஊத்திட்டு, இங்கனயே தண்ணி காய்ச்சிக் குடுத்துட்டு வாரேன்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அடிப்பீகளே" என்றாள்.

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நாளாக நான் நீட்டிய கேனை ஒன்றும் தெரியாதவள் போல வாங்கி, நான் தெரு முனை தாண்டும்வரை காத்திருந்து கொட்டியிருக்கிறாள். பிள்ளை சாகக் கிடந்தபோதும் என் கைக்குப் பயந்து அதை மறைத்திருக்கிறாள்.

அந்த வாரமே கடப்பாரையால் கிணற்றுச் சுவரை இடித்து மண்ணைத் தள்ளி மூடினேன். ஆய்வாளர் கூடவே நின்று பார்த்தார். மூடி முடித்த மறுநாள் சொன்னபடி புகார் கொடுத்தார், நான் சில வாரம் சிறையில் இருந்தேன். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடம் ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை. என் மகள் பிழைத்தாள். என் கடைத் தண்ணீரைக் குடித்தவர்களில் யார் யார் பிழைக்கவில்லை என்று விசாரிக்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

இப்போது தொட்டிக்கு அடித்தளம் போட்டாயிற்று. லாரி வந்து போகிறது. கடையில் குழாய்த் தண்ணீர்தான். மகளுக்கே ஒரு மகள் இருக்கிறாள். வீட்டில் நான் கை ஓங்கிப் பல வருடம் ஆகிறது. அதைப் பெரிய விஷயமாக நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பால்காரர் வராததையோ சமையல் கேஸ் தீர்ந்துபோனதையோ என்னிடம் சொல்ல வரும்போதுகூட, என் மனைவி முதலில் என் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாள்.